நண்பகல் விளக்குகள்

நீங்கள் ஜேம்ஸ் சாருக்குக் கட்டிக்கொடுக்கிற எலுமிச்சை சாதத்தில் பாதி எனக்குத்தான் வரும், டீச்சர். சார் சொல்லியிருக்க மாட்டார். டப்பா மூடியில் வைத்து என் பக்கம் தள்ளுவார். "டீச்சர் கைக்கு உப்பு எப்பவும் ஒரு கல்லு கம்மி" என்பார். ஆனால் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். உங்களை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனாலும் தெரிந்தவர் முகம் மாதிரிதான் இருக்கிறது.

விளக்கைப் போட வேண்டாம், தெருவிளக்கு வெளிச்சமே போதும். சார் தூங்கட்டும். இந்த மூன்று மாதமாக அவருக்குத் தூக்கம் வருவதே அபூர்வம் என்று கேள்விப்பட்டேன். நான் சொல்வதை நீங்கள் கேட்டால் போதும். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் படித்தவர்.

என் பெயர் அமுலு. சப்வே விளக்குகளைக் கவனிக்கிற கேபினில் சாருக்குக் கீழே வேலை பார்க்கிற பெண். எந்த விபத்துக்காக சாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துக் கேஸும் போட்டிருக்கிறார்களோ, அந்த விபத்தில் செத்துப்போனது என் அக்கா சுசீலா. வண்டி ஓட்டியது அவள் புருஷன் கஜபதி மாமா. அவருக்குக் கால் மட்டும் போயிற்று.

சார் போலீசில் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். நாற்காலியில் நான்தான் இருந்தேன், விளக்கு இறங்கியதைப் பார்க்கத் தவறிவிட்டேன், அந்தப் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள் என்று சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. டீ குடிக்கப் போனது சார். நாற்காலியில் இருந்தது நான். போலீஸ் வருவதற்கு முன்னால் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பொம்பளப் பிள்ளைய ஸ்டேஷன் வாசப்படி ஏற விடப்பிடாது. நீ வாயத் தெறக்காத மக்களே. உனக்கு அக்கா போனது போதும்" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

நம் சப்வே சின்னச் சப்வே இல்லை. ரயில் யார்டுக்கு அடியில் அத்தனை தண்டவாளங்களையும் தாண்டி, நடுவில் ஒரு வளைவு வைத்துப் போகிறது. முதலில் செப்புக் கம்பி போட்டுத்தான் விளக்குகளை நடத்தினார்கள். மேலே மின்சார ரயில் போகும்போதெல்லாம் அந்தக் கம்பியில் வேறு கரண்ட் ஏறி விளக்குகள் பைத்தியம் பிடித்த மாதிரி ஏறி இறங்கும். அதனால்தான் எங்கள் கம்பெனி கண்ணாடி இழை போட்டது. தலைமுடி மாதிரி மெல்லியது. அதற்குள் வெளிச்சம்தான் ஓடும், அந்த வெளிச்சம்தான் சேதி கொண்டு போகும். ரயில் எத்தனை ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை. இழையோடு இழை ஒட்டுவதற்குக் கை நடுங்காத பெண்கள் வேண்டும் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆள் எடுத்தார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு நான் போனேன். என் கை நடுங்காது.

சனங்களுக்கு ஒரு விஷயம் தலைகீழாகத்தான் தெரியும். சப்வேக்கு ராத்திரியில்தான் நிறைய விளக்கு வேண்டும் என்று நினைப்பார்கள். பகலில்தான் வேண்டும். ராத்திரி வெளியிலும் இருட்டு, உள்ளேயும் மங்கல், கண் பழகிப்போகும். சித்திரை வெயிலில் வண்டி ஓட்டி வருகிறவனுக்கு அப்படி இல்லை. வாயில் விளக்குகள் முழுசாக எரிந்தால்தான் உள்ளே வழி தெரியும். அவை மங்கினால், வண்டி உள்ளே நுழைந்து சில நொடிக்கு எதிரே யானை நின்றாலும் தெரியாது. கண் திறந்துதான் இருக்கும். ஒன்றும் தெரியாது.

கேபினுக்கும் சப்வேக்கும் நடுவில் லைன் போனால் விளக்குகள் தானாக ராத்திரி அளவுக்கு இறங்கிவிடும். கொஞ்சமாவது எரிகிறதே, ஆபத்தில்லை என்று கம்பெனியில் நினைத்தார்கள். அவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தது ஒரு சாயங்காலத்தில்.

இன்னொன்று. கண்ணாடி இழையை வெட்டத் தேவையில்லை. பேனா ரீபிள் மேல் நாலு சுற்றுச் சுற்றினால், வளைவில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். லைன் போய்விடும். சுற்றைப் பிரித்தால் வந்துவிடும். இழையில் ஒரு கீறல்கூட இருக்காது. டிரெயினிங்கில், இப்படி வளைத்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் இதைச் செய்து காட்டினார்கள்.

இனி வீட்டுக் கதை.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடியில் அவள் மாமியார் கெங்கம்மாள் போகாத கோயில் இல்லை, பேசாத பேச்சும் இல்லை. தை மாதத்தில் ஒரு நாள் அக்கா எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"கெயவி திருவள்ளூர் பக்கம் ஒரு பொண்ணப் பாத்துட்டு வந்துகீதும்மா. வேற ஒருத்தி வந்தா என்னிய ஒரு நாளு ஊட்ல வெச்சிருப்பாளா? நம்ம அமுலுன்னா நம்ம ரத்தம். ரெண்டு பேரும் ஒரே ஒலையில பொங்கித் துன்னுட்டுப் போறோம்."

அம்மா அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, "மாப்ள இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"அவரு இன்னாத்த சொல்லுவாரு? தல குனிஞ்சிக்கினு துன்னுட்டு எய்ந்து பூடுறாரு."

அவ்வளவுதான் பேச்சு. என்னைக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது புதுசும் இல்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்றால் தங்கையைக் கொடுப்பார்கள், தங்கையும் போவாள். மாமா லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். சர்க்கார் வேலையாக இருந்தால் இரண்டாம் தாரம் என்றதும் வேலை போகும். பட்டறையில் யார் கேட்கப் போகிறார்கள்? கோயிலில் ஒரு மஞ்சள் கயிறு, முடிந்தது.

அன்று ராத்திரி அம்மாவிடம் மாட்டேன் என்றேன்.

"ஏண்டி, அவரு குடிக்கிறாரா?"

"இல்ல."

"அடிக்கிறாரா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாடி உனுக்கு நோவு? உங்கக்கா வாய்க்கய ரோட்டுக்கு வந்துரும்னு சொல்றேன். நீ மெஷினுக்கு முன்னாடி குந்திக்கினு மினுக்கினது போதும்."

அம்மா சொன்னது சரிதான். மாமா கெட்டவர் இல்லை. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவர் கல்யாணத்தில் நான்தான் அவர் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். "இன்னா மச்சினி, எனுக்கு ஒரு முட்டாய் குடு" என்று கேட்பார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வெறுப்பினால் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கோபத்தில் செய்கிறவர்கள் அப்புறம் வருத்தப்படுவார்கள். நான் யோசித்துத்தான் செய்தேன். மாமா இல்லை என்றால் யாரும் யாருக்கும் இரண்டாம் தாரமாகப் போக வேண்டாம். அக்காவையும் யாரும் துரத்த முடியாது. இருவரும் அம்மாவோடு இருந்துவிடலாம். கணக்கு நேராக வந்தது.

முதலில் செய்து பார்க்க வேண்டியிருந்தது. படித்தது வேறு, நடப்பது வேறு. சார் தினமும் உச்சிவேளையில் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் ரயில்வே கேன்டீனில் டீ குடிக்கப் போவார். முதல் நாள் கொஞ்ச நேரம் மட்டும் இழையைச் சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போயிற்று. இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் நேரம். சைக்கிளில் கீரைக் கூடை வைத்துக்கொண்டு ஒரு ஆள் உள்ளே போனார். அவர் எதிரில் வந்த ஸ்கூட்டர்மேல் மோதிவிட்டார். முனியம்மா என்று கேபினைப் பெருக்குகிற அம்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாவம், நெத்தி பொளந்துகிச்சி, தையல் போடணும்" என்றாள். நான் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். யாரும் சாகவில்லை. வெறும் மங்கல் மட்டும் போதாது, உள்ளே நிற்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

அது தேடாமலே கிடைத்தது. வேம்புலி என்று ஒருவர், மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிக்கிறவர். எஸ்டேட்டிலிருந்து இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு வெயில் உச்சியில் சப்வேக்குள் இறங்குவார். கம்பிகள் வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் சிவப்புத் துணி கட்டியிருப்பார். வெளிச்சம் இருந்தால்தான் அந்தத் துணி சிவப்பு. அவர் மிதிப்பது நடக்கிறதைவிட மெதுவாக இருக்கும்.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் டீச்சர். இன்னும் கொஞ்சம்தான்.

கேபின் மேட்டின் மேலே இருக்கிறது. ஜன்னலிலிருந்து பார்த்தால் சாலை இறங்கி சப்வே வாய்க்குள் போவது முழுசாகத் தெரியும். விபத்து நடந்த வெள்ளிக்கிழமை வேம்புலி வண்டி முதலில் உள்ளே போயிற்று. சார் அன்று டீக்குப் போகத் தயங்கினார். கீரைக்காரர் விஷயம் அவர் மனசில் இருந்தது. "இந்த லைன் ஒருக்கா இல்ல, ரெண்டு மட்டம் போயிட்டு பிள்ளே, ஜாயின்ட்ட திருப்பிப் பாக்கணும்" என்றார். "நான் பாத்துக்கிறேன் சார், நீங்க டீ குடிச்சிட்டு வாங்க. வந்து ரெண்டு பேருமா தெறக்கலாம்" என்றேன். நான்தானே ஜாயின்ட் போட்டவள். நம்பிப் போனார்.

மாமாவின் ராஜ்தூத் சத்தம் எனக்குத் தெரியும். கேபினுக்குள்ளேயே இருக்கிற, இழைகளை ஒட்டி வைத்த ஜாயின்ட் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். அவர் வண்டி பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியதும் ரீபிளில் சுற்றினேன். திரையில் லைன் போய்விட்டது என்று எழுத்து வந்தது. சத்தம் கேட்கக் கூடாது என்று, லைன் போனால் அலறுகிற பஸ்ஸரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். வண்டி இறங்கி உள்ளே போயிற்று. நொடிகளை எண்ணவில்லை. சத்தம் வந்ததும் சுற்றைப் பிரித்துப் பெட்டியை மூடினேன். விளக்குகள் முழுசாக ஏறின. ஆட்கள் ஓடிவந்தபோது உள்ளே பட்டப்பகல் மாதிரி இருந்தது. அதனால்தான் முதலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேம்புலிதான் விடாமல் சொன்னார், "கப்புனு இருண்டுச்சி சார், என் கையே எனுக்குத் தெரியல" என்று. குடிகாரன் பேச்சு என்றார்கள். பிறகு கீரைக்காரரும் வந்து அதையே சொன்னார். அப்புறம்தான் கேபின் பக்கம் திரும்பினார்கள். சார் தலையைக் கொடுத்தார்.

மாமா கம்பிகளைக் கடைசி நொடியில் பார்த்து வண்டியைச் சாய்த்திருக்கிறார். அவர் கால் அடியில் மாட்டியது. சாய்ந்ததில் கம்பிகள் அவருக்கு மேலே போய்விட்டன. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அப்படி இல்லை.

பெரியாஸ்பத்திரியில் அவள் ஒரு நாள் உயிரோடு இருந்தாள். அந்த ஒரு நாளில் அவள் பேசியது ஒன்றுதான். மாமாவை ஸ்ட்ரெச்சரில் பக்கத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவள் என் கையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அமுலுவக் கட்டிக்கோ மாமா. வேற யாரும் வாணாம்." வார்டில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். நர்சுகூட அழுதாள்.

அதற்கப்புறம் மறுக்க எனக்கு வாய் ஏது? முன்னாலாவது இரண்டாம் தாரம், ஊர் நாலு வார்த்தை பேசும் என்று சொல்லியிருக்கலாம். இப்போது அவர் பொண்டாட்டி இல்லாதவர். இரண்டாம் தாரம் என்று சட்டமும் குறுக்கே வராது, என் வயதை யாரும் கேட்கப் போவதில்லை. செத்தவள் வார்த்தை வேறு. கெங்கம்மாள் என் முகத்தை வழித்துத் திருஷ்டி கழிக்கிறாள். "எங்கூட்டுக்கு வெளக்கேத்த வந்தவடி நீ" என்கிறாள். மாமா ஒரு நாள் கட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "எனுக்கு இஸ்டம் இல்ல அமுலு. உங்கக்கா கேட்டுக்கினா, அதான். நீ வாணாம்னு சொன்னா நான் கெயவிகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். அம்மா உள்ளேயிருந்து வந்து, "அவ இன்னாத்த சொல்றது மாப்ள, தேதி குறிச்சாச்சி" என்று அவரை அனுப்பிவிட்டாள். நொண்டிக்கொண்டே போனார். போகும்போது திரும்பிப் பார்த்தார். எனக்காகப் பரிதாபப்பட்ட ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவரைத்தான் நான்...

சரி. அதை விடுங்கள்.

அக்கா அந்த வண்டியில் வருவாள் என்று எனக்குத் தெரியாது என்றுதான் இந்த மூன்று மாதமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே நடந்து வரும்போதுகூட அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் கேட்கிறீர்கள், அதனால் வேறு மாதிரி வருகிறது.

அன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா எங்கள் பக்கத்துத் தெருக் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டாள். மாமா மத்தியானம் பட்டறையில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு சப்வேக்கு அந்தப் பக்கம் போய் எனக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறாராம். என்ன கலர் வேண்டும் என்று கேட்டாள். அக்கா தங்கை பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த நேரம். நான், "மாமாவுக்குக் கலர் தெரியாதுக்கா. நீயும் கூடப் போயேன்" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "உனுக்கு எம்மேல கோவம் பூடுச்சாடி கண்ணு?" என்றாள். "போயிடுச்சிக்கா" என்றேன்.

வண்டி இறங்கும்போது அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். கேபின் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினாள். அப்போதும் சுற்றைப் பிரித்திருந்தால் விளக்கு ஏறியிருக்கும். நேரம் இருந்தது. நானும் கை ஆட்டினேன், பஸ்ஸரிலிருந்து எடுத்த இடது கையால். வலது கை பெட்டிக்குள் இருந்தது.

மாமா என்னைக் கேட்கவே இல்லை, டீச்சர். கேட்டவள் அவள். என்னைக் கொடுக்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் அவள். அவள்தான் என்று எனக்கு உள்ளே எப்போதிலிருந்தோ தெரியும். மாமா கூட வந்தார், அவ்வளவுதான்.

இதுதான் நடந்தது. ரீபிள், ஜாயின்ட் பெட்டி எல்லாவற்றையும் போலீசுக்கு நானே செய்து காட்டுகிறேன். அதே இழையில் நாலு சுற்று, விளக்கு இறங்குவதை அவர்களே பார்க்கலாம். சாருக்கு ஒன்றும் வராது. நல்ல மனுஷர், என்னால் இந்தக் கஷ்டம் பட்டுவிட்டார். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். முன்னாலேயே வந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது டீச்சர். கை நடுங்குகிறது பாருங்கள், முன்பெல்லாம் இப்படி இல்லை. பதினெட்டு ஆகாத பெண்ணை ஜெயிலில் போட மாட்டார்கள், ஹோமில்தான் வைப்பார்களாம், விசாரித்து வைத்திருக்கிறேன். எனக்கு இன்னும் பதினேழுதான். ஹோமில் இருக்கிற பெண்ணை வெளியே எடுத்து யாரும் தாலி கட்டி வைக்க முடியாது, இல்லையா? அப்படியானால் சாரை இப்போதே எழுப்புங்கள். விடிந்ததும் மூன்று பேருமாக ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். நாளை மறுநாள் காலையில் முகூர்த்தம்.